கண்ணிலும் குடியேறும் காசநோய்

நம் வணிகர் சங்கங்கள் ஊர்தோறும் இலவசக் கண் சிகிச்சை முகாம்கள் நடத்தி வருகின்றன. முகாமுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் கண்ணாடிக்காகவும் கண்புரைக்காகவும் வருகிறவர்கள். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து, அறுபதைத் தாண்டினால் புரை, சர்க்கரை இருந்தால் விழித்திரையில் ரத்தக் கசிவு என்று கண்ணைப் பற்றிய நம் கணக்கு இந்த மூன்றோடு முடிந்துவிடுகிறது. இந்த மூன்றிலும் சேராத ஒரு கண் நோயைப் பற்றி நம் வணிகப் பெருமக்களின் கவனத்திற்குக் கொண்டு வர விரும்புகிறோம். நெஞ்சைத் தாக்கும் நோய் என்று நாம் எல்லோரும் அறிந்திருக்கும் காசநோய், கண்ணையும் தாக்கும். இருமல் இல்லாமல், சளி இல்லாமல், மாலைக் காய்ச்சல் இல்லாமல் கண்ணில் மட்டுமே அது தலைகாட்டுவதும் உண்டு.

நாம் மருத்துவர் அல்ல. வத்தல், மல்லி மண்டி வைத்திருப்பவர். பள்ளிப் படிப்போடு கல்லாவுக்கு வந்தவர். நம் மண்டியில் வேலை செய்யும் இருவருக்குக் காசநோயால் கண்ணுக்கு வந்த சோதனையைப் பக்கத்தில் இருந்து பார்த்த பிறகு, கண் மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறோம். பத்துப் பேர் வேலை செய்யும் எந்தக் கடைக்கும் இது தேவைப்படும் விஷயம்.

கிருமி கண்ணுக்கு எப்படிப் போகிறது?

காசநோய்க் கிருமியை ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக் கண்டுபிடித்து அறிவித்தது 1882 மார்ச் 24. அதற்கு முன்பே, 1855-ல், யேகர் என்ற ஆஸ்திரியக் கண் மருத்துவர் கண்ணின் பின்புறப் படலத்தில் காசநோய்க் கட்டிகளைக் கண்டு எழுதியிருக்கிறார். கண்ணுக்குள் ஒளியைச் செலுத்திப் பார்க்கும் கருவியை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-ல் உலகுக்கு அறிமுகம் செய்த நான்கே ஆண்டுகளில் இது நடந்தது. கிருமி இன்னதென்று தெரியும் முன்பே அது கண்ணில் செய்த வேலை தெரிந்துவிட்டது.

நெஞ்சில் நோய் உள்ளவர் இருமும்போது காற்றில் பரவும் நுண்துளிகளை மூச்சோடு இழுக்கிறோம். கிருமி நுரையீரலில் போய் அமர்கிறது. பெரும்பாலோருக்கு உடலின் எதிர்ப்புச் சக்தி அதைச் சுற்றி வேலி கட்டி அடக்கிவிடும். ஆனால் வேலி கட்டி முடிப்பதற்குள் சில கிருமிகள் ரத்தத்தில் கலந்து உடலின் பல பாகங்களுக்கும் பயணப்பட்டுவிடலாம். எலும்பு, முதுகுத் தண்டு, சிறுநீரகம், நெறிக்கட்டி, மூளைச் சவ்வு என்று ரத்தம் போகும் இடமெல்லாம் அவை போகும். கண்ணும் அதில் ஒன்று.

நம் விழியில் மூன்று அடுக்குகள் உண்டு. வெளியே வெள்ளைத் தோலும் கருவிழியும். உள்ளே படம் பதியும் விழித்திரை. இரண்டுக்கும் நடுவில் ரத்தக் குழாய்கள் நிறைந்த ஒரு கருமையான படலம். அதற்கு யுவியா என்று பெயர். லத்தீன் மொழியில் திராட்சையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. வெளித்தோலை நீக்கிப் பார்த்தால் உரித்த கருந்திராட்சை போல் இருக்குமாம். உடலிலேயே ரத்த ஓட்டம் மிக மிக அதிகமுள்ள இடங்களில் இந்தப் படலத்தின் பின்பகுதியும் ஒன்று. காசநோய்க் கிருமிக்கு பிராண வாயு அதிகம் வேண்டும். ரத்தமும் பிராண வாயுவும் தாராளமாகக் கிடைக்கும் இடம் அதற்குப் பிடித்துப் போவதில் வியப்பில்லை.

அங்கே போன கிருமி உடனே வேலையைக் காட்டும் என்பதில்லை. பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, எதிர்ப்புச் சக்தி தளரும்போது விழித்துக்கொள்ளும். 2019 முதல் 2021 வரை நம் நாட்டில் நடத்திய தேசியக் கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினரின் உடலில் காசநோய்க் கிருமி புகுந்த அடையாளம் இருப்பது தெரிய வந்தது. மூன்றில் ஒருவர்! இவர்கள் எல்லோரும் நோயாளிகள் அல்லர். இவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் என்றாவது நோய் வரும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து மற்றவர்களைப் போல் இரண்டு, மூன்று மடங்கு என்பதை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். கல்லாவில் உட்கார்ந்தே காலம் தள்ளும் நம் கூட்டத்தில் சர்க்கரை இல்லாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கிருமி கண்ணுக்குள் நேரடியாகப் போகாமலேயே கண் கெடுவதும் உண்டு. உடலில் வேறெங்கோ இருக்கும் கிருமியின் மீது நம் எதிர்ப்புச் சக்தி காட்டும் கோபம் கண்ணில் வீக்கமாகவும் சிவப்பாகவும் வெளிப்படும். குழந்தைகளின் கருவிழி ஓரத்தில் சிறு கொப்புளம் போல் வந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கண்ணீர் கொட்டுவது இந்த வகை. குழந்தைக்கு அப்படி வந்தால் வீட்டில் யாருக்காவது காசநோய் இருக்கிறதா என்று மருத்துவர் கேட்பது அதனால்தான்.

கணக்கப்பிள்ளைக்கு வந்தது

நம் மண்டியில் கணக்கு எழுதும் தம்பிக்கு அப்போது வயது முப்பத்து நான்கு. வலது கண் சிவந்து லேசாக வலித்தது. மெட்ராஸ் ஐ என்று நினைத்து, கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடையில் கேட்டுச் சொட்டு மருந்து வாங்கிப் போட்டார். நான்கு நாளில் சரியாகிவிட்டது. இரண்டு மாதம் கழித்து மறுபடி சிவந்தது. மறுபடி அதே சொட்டு மருந்து, மறுபடி குணம். மூன்றாவது முறை சிவப்பு குறைந்த பிறகும் பார்வை தெளியவில்லை. பேரேட்டில் வரிகளுக்கு நடுவே நூல் நூலாக மிதக்கிறது, கம்ப்யூட்டரில் பில் போடும்போது எண்கள் புகைமூட்டமாகத் தெரிகின்றன என்றார். கண்ணாடியை இரண்டு தடவை மாற்றியும் பயனில்லை. மார்ச் கணக்கு முடிக்கும் நேரத்தில் 3-ஐ 8 என்று படித்து நிற்கவும்தான் மதுரைக்கு, பெரிய கண் மருத்துவமனைக்கு, கையோடு அனுப்பி வைத்தோம்.

அங்கே சொன்ன பெயர் யுவியைட்டிஸ். நாம் மேலே சொன்ன நடுப்படலத்தில் அழற்சி. கண் பாப்பா வட்டமாக இல்லாமல் ஓரம் ஒட்டிக்கொண்டு கோணலாகி இருந்தது. கையில் ஊசி குத்தி மூன்றாம் நாள் பார்க்கும் மாண்டூ பரிசோதனையில் பெரிய தடிப்பு. நெஞ்சு எக்ஸ்ரே சுத்தம். வேறு காரணங்களை எல்லாம் ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, காசநோய் மாத்திரை சாப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

தம்பி சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் பேசாமல் இருந்தார். கூப்பிட்டுக் கேட்டோம். "எனக்கு இருமலே கிடையாதே அண்ணாச்சி. கண்ணுக்குக் காமிக்கப் போனா டி.பி. மாத்திரை எழுதுறாக. ஊருக்குள்ள தெரிஞ்சா தங்கச்சி கல்யாணம் நின்னு போகும்" என்றார். தங்கையின் கல்யாணத்துக்காகக் கண்ணைக் கொடுக்கத் தயாராக இருந்தார் என்பதுதான் அதன் பொருள். அவருடைய அப்பாவை வரவழைத்து, மாத்திரையை மண்டியிலேயே வைத்துச் சாப்பிடட்டும், வீட்டுக்கு யார் வந்து கேட்டாலும் நாம் பேசிக்கொள்கிறோம் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தோம். ஒன்பது மாதம் சாப்பிட்டார். நடுவில் இடது கண்ணிலும் தொடங்கிய அழற்சி முழுவதும் ஆறிவிட்டது. வலது கண்ணில், மூன்று முறை சொட்டு மருந்தில் கடந்த அந்த எட்டு மாதத்தின் சேதாரம் கொஞ்சம் நின்றுவிட்டது. கல்யாணமும் நன்றாகவே நடந்தது.

அந்தச் சொட்டு மருந்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது ஸ்டீராய்டு கலந்தது. அழற்சியை அமுக்கும், மூல காரணத்தைத் தொடாது. காசநோயால் வந்த அழற்சியில் ஸ்டீராய்டை மட்டும் கொடுத்தால், சிவப்பு மறையும், கிருமிக்குக் கொண்டாட்டம். அதோடு ஸ்டீராய்டு சொட்டு மருந்தைக் கேட்பாரற்றுப் போட்டுக்கொண்டே இருந்தால் கண் அழுத்தம் ஏறும், இளவயதிலேயே புரை விழும். மருத்துவர்களும் இந்த நோய்க்கு ஸ்டீராய்டு கொடுப்பார்கள். ஆனால் காசநோய் மருந்தின் துணையோடு, அளந்து கொடுப்பார்கள். நம் சங்கத்தில் மருந்துக்கடை நடத்தும் உறுப்பினர்கள் இதைக் குறையாக எடுத்துக்கொள்ளாமல், சிவந்த கண்ணோடு இரண்டாம் முறை வருபவரை மருத்துவரிடம் அனுப்பி வைத்தால் பெரும் புண்ணியம்.

எதைக் கண்டு சந்தேகப்படுவது?

மெட்ராஸ் ஐ என்றால் பீளை தள்ளும், இமை ஒட்டிக்கொள்ளும், வீட்டில் நாலு பேருக்குத் தொற்றும், ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும். யுவியைட்டிஸ் அப்படியல்ல. பீளை இராது. கருவிழியைச் சுற்றிச் சிவக்கும், உள்ளுக்குள் வலிக்கும், வெளிச்சம் பட்டால் கூசும், பார்வை மங்கும். போய்ப் போய்த் திரும்பி வரும். இது கண்ணின் முன்பக்கத்தில் வரும் வகை.

பின்பக்கத்தில் வருவது இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே வலி இராது; கண்ணும் சிவக்காது. கறுப்புப் புள்ளிகள், கொசு பறப்பது போன்ற நிழல், பார்வையின் நடுவிலோ ஓரத்திலோ ஒரு மறைப்பு, அவ்வளவுதான். ஒரு கண்ணில் மட்டும் இருந்தால் மறு கண் ஈடுகட்டிவிடுவதால் ஆளுக்கே தெரியாது. பின்புறப் படலத்தில் புண் பாம்பு ஊர்வது போல வளைந்து வளைந்து பரவும் ஒரு வகை உண்டு. இதைக் காசநோயோடு தொடர்புபடுத்தி விரிவாக எழுதியவர்கள் சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி நிறுவனத்தின் கண் மருத்துவர்கள். அந்தப் புண் பார்வையின் மையத்தைத் தொட்டுவிட்டால் எழுத்துப் படிப்பது போய்விடும்.

இளைஞர்களின் கண்ணுக்குள் திடீரென்று ரத்தம் கொட்டிப் பார்வை மறைக்கும் நோய் ஒன்றை, இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஹென்றி ஈல்ஸ் என்ற மருத்துவர் 1880-ல் விவரித்தார். ஈல்ஸ் நோய் என்றே பெயராகிவிட்டது. மேல்நாடுகளில் இன்று அபூர்வம். நம் நாட்டில் இன்றும் காண்கிறார்கள். பெரும்பாலும் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் உள்ள ஆண்கள். விழித்திரையின் ரத்தக் குழாய்கள் வீங்கி அடைபட்டு, புதிதாக முளைக்கும் பலவீனமான குழாய்கள் உடைகின்றன. சென்னை சங்கர நேத்ராலயாவின் ஆய்வாளர்கள் இந்த நோயாளிகளின் கண்ணிலிருந்து அறுவை செய்து எடுத்த சவ்வுகளைச் சோதித்ததில், பலவற்றில் காசநோய்க் கிருமியின் மரபணுத் துணுக்குகள் கிடைத்தன. ஈல்ஸ் நோய்க்குக் காசநோய்தான் ஒரே காரணம் என்று யாரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆனால் லோடுமேன் வேலை பார்க்கும் பையன் ஒருவன் "கண்ணுக்குள்ள செவப்பா மழை பெய்யுற மாதிரி இருக்கு" என்று சொன்னால், தூசி விழுந்திருக்கும், கண்ணைக் கழுவு என்று அனுப்பிவிடாதீர்கள். காலத்தில் லேசர் வைத்தால் காப்பாற்றக்கூடிய கண் அது.

சர்க்கரை உள்ளவர்களுக்கு வரும் தொல்லை வேறு விதம். பார்வை மங்கினால் சர்க்கரைதான் காரணம் என்று தாமே முடிவு கட்டிவிடுகிறார்கள். சர்க்கரையால் வரும் கசிவா, அழற்சியா என்பதைக் கண்ணில் சொட்டு விட்டு விரித்துப் பார்த்தால்தான் தெரியும். (சொட்டு விட்ட பிறகு நாலைந்து மணி நேரம் பார்வை கலங்கும். வண்டியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.)

எப்படி உறுதி செய்கிறார்கள்?

இங்கேதான் சிக்கல். நெஞ்சுச் சளி என்றால் ஒரு டப்பாவில் துப்பிக் கொடுத்துவிடலாம். கண்ணுக்குள்ளிருந்து என்ன எடுப்பது? ஊசி போட்டு எடுக்கும் நீர் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு. அதில் கிருமி அகப்படுவது அரிது. திசுவை வெட்டி எடுத்தால் பார்வைக்கே ஆபத்து. ஆகவே மருத்துவர்கள் பல சான்றுகளைச் சேர்த்து வைத்து முடிவுக்கு வருகிறார்கள்: கண்ணின் தோற்றம், மாண்டூ அல்லது இக்ரா என்ற ரத்தப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே, தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன். கண் காசநோயாளிகளில் கணிசமானோருக்கு நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கும். ஆகவே எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று மாத்திரையைத் தள்ளிப் போடக் கூடாது.

மாண்டூ தடித்துவிட்டது என்பதாலேயே நோய் இருக்கிறது என்றும் ஆகாது. மூன்றில் ஒருவருக்குக் கிருமி புகுந்திருக்கும் நாட்டில் வாய்க்கு வந்தபடி அதற்கு அர்த்தம் சொல்ல முடியாது. அதனால்தான் வேறு நோய்களை விலக்க மேகநோய், எச்.ஐ.வி. பரிசோதனைகளும் எழுதுவார்கள். "என்னைப் பார்த்து இந்த டெஸ்ட் எழுதலாமா?" என்று கோபித்துக்கொண்டு எழுந்து வந்த ஒரு பெரிய மனிதரை நமக்குத் தெரியும். கண்ணில் வரும் அழற்சிக்கு அவையும் காரணமாகலாம் என்பதால் எல்லோருக்கும்தான் எழுதுகிறார்கள். அதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

இப்படிச் சந்தேகத்தின் பேரில் ஆறு மாதம், ஒன்பது மாதம் மாத்திரை சாப்பிடுவது வீண் இல்லையா என்று கேட்கலாம். நாமும் கேட்டோம். சண்டிகர் மருத்துவர்கள் 2008-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைச் சொன்னார்கள். காசநோய் அறிகுறி உள்ள யுவியைட்டிஸ் நோயாளிகளில் காசநோய் மருந்தும் ஸ்டீராய்டும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 16 பேருக்குத்தான் அழற்சி திரும்பியது. ஸ்டீராய்டு மட்டும் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 47 பேருக்குத் திரும்பியது. அதன் பிறகு இந்தியா, சிங்கப்பூர் உட்படப் பல நாடுகளின் 25 மருத்துவ மையங்கள் சேர்ந்து நடத்திய ஆய்விலும் பெரும்பாலோருக்குப் பலன் இருப்பது தெரிந்தது.

மருந்தும் கண்ணும்

மருந்து புதிதல்ல. நெஞ்சுக் காசநோய்க்குக் கொடுக்கும் அதே நான்கு மருந்துகள்: ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எத்தாம்பியூட்டால். முதல் இரண்டு மாதம் நான்கும். பிறகு பைரசினமைடை நிறுத்திவிட்டு மற்ற மூன்றும் நான்கு மாதமோ அதற்கு மேலுமோ. மாத்திரையின் எண்ணிக்கை ஆளின் எடையைப் பொறுத்தது. ஐம்பது கிலோவுக்கு மேல் உள்ளவருக்கு நான்கு என்றால், நாற்பது கிலோ உள்ளவருக்கு மூன்று. எடை போடாமல் கொடுத்தால் மருந்து கூடியோ குறைந்தோ போகும்.

மருந்து தொடங்கிய சில வாரங்களில் கண் இன்னும் மோசமாவது போல் சிலருக்குத் தோன்றும். செத்த கிருமிகளின் மீது உடல் காட்டும் எதிர்ப்பு அது. பயந்துபோய் மாத்திரையை நிறுத்தாமல் மருத்துவரிடம் போக வேண்டும். ரிஃபாம்பிசின் சாப்பிடுபவருக்குச் சிறுநீரும் கண்ணீரும் ஆரஞ்சு நிறமாகும், அதுவும் தீங்கில்லை. கான்டாக்ட் லென்ஸ் போடுகிற பிள்ளைகள் இருந்தால் லென்ஸ் கறைபடும் என்று சொல்லி வையுங்கள். சில சர்க்கரை மாத்திரைகளின் வேகத்தை ரிஃபாம்பிசின் குறைத்துவிடும். ஸ்டீராய்டு தன் பங்குக்குச் சர்க்கரையை ஏற்றும். ஆகவே சர்க்கரை மருத்துவருக்கும் தகவல் தெரிய வேண்டும்.

எத்தாம்பியூட்டால் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. காசநோயைக் குணப்படுத்தும் இந்த மருந்தே சிலருக்குப் பார்வை நரம்பைக் கெடுத்துவிடும். நெஞ்சுக் காசநோய்க்குச் சாப்பிடுபவர்களுக்கும் இது பொருந்தும். சரியான அளவில் கொடுத்தால் நூற்றுக்கு ஒருவர் என்ற கணக்கில்தான் வரும். அளவு கூடக் கூட ஆபத்தும் கூடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மருந்து உடலில் தங்கிவிடுவதால் ஆபத்து அதிகம். வழக்கமாக இரண்டு மாதத்துக்குப் பிறகே தலைகாட்டும். இரண்டு கண்ணும் சேர்ந்து, வலியில்லாமல் மங்கும். எழுத்து மங்குவதற்கு முன்பே சிவப்பு, பச்சை நிறங்கள் மங்கத் தொடங்குவது இதன் முக்கியமான அடையாளம்.

நம் மண்டியில் வத்தல் பொறுக்கும் ஓர் அம்மாவுக்கு இப்படித்தான் ஆயிற்று. நெஞ்சுக் காசநோய்க்கு ஆஸ்பத்திரி மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டு, இருமல் நின்று, உடம்பு தேறி வேலைக்குத் திரும்பியவர். நல்ல நிறமுள்ள வத்தலை ஒரு பக்கமும் வெளுத்ததை மறு பக்கமும் பிரிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நான்காம் மாதம் நல்ல வத்தலை எல்லாம் அள்ளி வெளுத்த குவியலில் போட்டார். மேஸ்திரி சத்தம் போட்டார். அந்த அம்மா அழுதுகொண்டே, "எல்லாமே வெளுத்த மாதிரிதான் தெரியுது அண்ணாச்சி, நான் என்ன செய்யட்டும்" என்றார். கணக்கப்பிள்ளை விஷயத்தில் மருத்துவர் சொல்லி வைத்திருந்தது அந்த நேரம் நினைவுக்கு வந்தது. "ஏம்மா, மாத்திரை அட்டையை எடுத்துக்கிட்டுக் கிளம்பு" என்று கணக்கப்பிள்ளையைத் துணைக்கு அனுப்பி அன்றைக்கே அரசு மருத்துவமனையில் காட்டச் செய்தோம். எத்தாம்பியூட்டாலை நிறுத்தி, சிகிச்சையை வேறு வகையில் மாற்றி அமைத்தார்கள். நிறம் முழுவதும் திரும்ப நான்கு மாதத்துக்கு மேல் ஆயிற்று. இன்றைக்கும் அவர்தான் பொறுக்குகிறார். இன்னும் இரண்டு மாதம் கவனிக்காமல் விட்டிருந்தால் திரும்பாமலே போயிருக்கவும் கூடும் என்றார் மருத்துவர். எல்லோருக்கும் திரும்பி வருவதில்லை.

நிறம் பார்த்து விலை பேசும் தொழில் நம்முடையது. வத்தல், மஞ்சள், பருப்பு, ஜவுளி எதுவானாலும் நிறம் தெரியாவிட்டால் கூலி இல்லை. ஆகவே காசநோய் மாத்திரை சாப்பிடும் யாருக்கும் மருந்து தொடங்கும் முன்பு ஒரு தடவையும், பிறகு மாதம் ஒரு தடவையும் பார்வையும் நிறமும் சோதிக்கச் சொல்லுங்கள். அதற்கு இடையில் கடையிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நம் கடைப் பெயர் போட்டு நாம் கொடுக்கும் தினசரி காலண்டர் எல்லோர் கடையிலும் தொங்குகிறது. ஒரு கையால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ராகு காலம் எமகண்டம் போட்டிருக்கும் சிறிய எழுத்தைப் படிக்க வேண்டும். பிறகு மறு கண். ஞாயிற்றுக்கிழமைத் தாளின் சிவப்பு எண் போன வாரம் போல் பளிச்சென்று இருக்கிறதா, பழுப்பாகத் தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். மாற்றம் தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மாத்திரையைத் தானாக நிறுத்துவது மட்டும் கூடாது. எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று அவர் சொல்வார். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குக் கொடுக்கும் லினசோலிட் என்ற மருந்தும் நாள்பட்டால் பார்வை நரம்பைப் பாதிக்கலாம் என்பதால் அவர்களுக்கும் இதே கவனம் தேவை.

நாம் செய்யக்கூடியவை

கண் காசநோய் பார்வையாலோ கண்ணீராலோ தொற்றுவதில்லை. நெஞ்சிலும் நோய் இருந்தால்தான் இருமல் வழியே பரவும். அதுவும் சரியான மருந்து தொடங்கிய சில வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். இதற்காக ஆளை வேலையை விட்டு நிறுத்துவது நியாயமே அல்ல. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் வீட்டில் இருந்தே மருந்து சாப்பிட்டவர்களையும் சானடோரியத்தில் வைத்து மருந்து கொடுத்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. இரண்டு கூட்டத்தாரும் ஒரே மாதிரி குணமானதையும், வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவில்லை என்பதையும் 1959-ல் உலகுக்குச் சொன்னது. நம் தலைநகரில் நிரூபித்துக் காட்டிய விஷயத்தை நம் கடைத்தெரு இன்னும் நம்பவில்லை என்பது வருத்தம்.

மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். பதிவு செய்த ஒவ்வொரு காசநோயாளிக்கும், கண் காசநோய் உட்பட, சத்துணவுக்காக மத்திய அரசு 2018 ஏப்ரல் முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1000 ரூபாய். வங்கிக் கணக்கில் நேரே வரும். தனியார் மருத்துவரிடம் சிகிச்சை பெறுபவரும் பதிவு செய்திருந்தால் பெறலாம். பல தொழிலாளிகளிடம் கணக்குப் புத்தகம் இருந்தும் இதற்கு எழுதிக் கொடுக்க ஆள் இல்லாமல் விட்டுவிடுகிறார்கள். நம் கணக்கப்பிள்ளைகள் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

மளிகை, தானிய வியாபாரிகளுக்கு இன்னொரு செய்தி. ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2019 முதல் 2022 வரை நடந்த ஓர் ஆய்வில், காசநோயாளியின் வீட்டில் இருப்பவர்களுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரை கிலோ பருப்பும் கொடுத்தார்கள். கொடுக்காத வீடுகளோடு ஒப்பிட்டால் அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. அரிசியும் பருப்பும் நம் குடோனில் இருப்பவை. 2022 செப்டம்பரில் தொடங்கிய நி-க்ஷய் மித்ரா திட்டத்தில் சங்கமாகவோ தனிக் கடையாகவோ பெயர் பதிந்து, நம் வட்டாரத்து நோயாளிகளுக்கு மாதந்தோறும் உணவுப் பொருள் வழங்கலாம்.

மருந்துக்கடை உறுப்பினர்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும் நினைவூட்டுகிறோம். காசநோய் மருந்துகள் 2014 மார்ச் முதல் எச்-1 பட்டியலில் உள்ளன. சீட்டு எழுதிய மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். எத்தாம்பியூட்டால் வாங்க வருபவரிடம், பதிவேட்டில் எழுதும்போதே, "கண் டெஸ்ட் பண்ணீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அடுத்த கண் முகாமை நடத்தும் கிளைச் சங்கங்கள், வருபவர்களின் பெயர், வயது எழுதும் படிவத்தில் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறோம்: கண் சிவந்து சிவந்து ஆறுகிறதா? வீட்டில் யாராவது காசநோய் மாத்திரை சாப்பிடுகிறார்களா? ஆம் என்பவர்களைக் கண்ணாடி வரிசையில் நிறுத்தாமல் மருத்துவரின் மேசைக்கு நேரே அனுப்பலாம். காசநோய் பற்றிய ஐயங்களுக்கு அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-11-6666.